கொம்பை எண்ணாதீர்கள், சேனலைப் பாருங்கள்

மதுரை டவுன்ஹால் ரோட்டில் ரவுட்டர் வாங்க வருகிறவர்கள் முதலில் எண்ணிப் பார்ப்பது ஆன்டெனாவைத்தான். “நாலு கொம்பு போதுமா மேடம், ஆறு கொம்பு எடுக்கவா?” என்று கடையில் நின்றபடியே எனக்குப் போன் போடுகிறவர்கள் உண்டு. கொம்பு கூடக் கூட விலையும் கூடுகிறது, வாங்கியவர் மனசும் நிறைகிறது. வீட்டுக்குக் கொண்டுபோய் மின்சாரம் கொடுத்து, பாஸ்வேர்டு போட்டதும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். அந்தப் பெட்டிக்குள் சேனல் என்று ஒன்று இருக்கிறது, சேனலின் அகலம் என்று ஒன்று, எவ்வளவு சக்தியில் ஒலிபரப்புவது என்று ஒன்று. இந்த மூன்றையும் திறந்து பார்த்த வீட்டுக்காரர்கள் அபூர்வம். பொருத்திவிட்டுப் போகிற பையன்களும் அதைத் தொடுவதில்லை.

அடுக்ககங்கள், மாணவர் விடுதிகள், சின்ன ஆஸ்பத்திரிகள் ஆகியவற்றுக்கு வைஃபை அமைத்துக் கொடுப்பது என் தொழில். எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: “சிக்னல் ஃபுல்லா காட்டுது மேடம், வீடியோதான் சுத்திக்கிட்டே இருக்கு.” நோயைச் சொன்ன கையோடு மருந்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். இன்னும் பவர் கூடின பெட்டி, இன்னொரு ரிப்பீட்டர், இன்னும் பெரிய பிளான். என் அபிப்பிராயம் இதற்கு நேர் எதிர். நம் அடுக்ககங்களில் வைஃபை திணறுவது சிக்னல் மிகுந்துபோனதால். பவரைக் குறைக்க வேண்டும், அகலத்தைக் குறைக்க வேண்டும், அதையும் அவரவர் இஷ்டத்துக்குச் செய்யாமல் கட்டடமாக உட்கார்ந்து பேசிச் செய்ய வேண்டும். தண்ணீர் லாரிக்கும் பார்க்கிங்குக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் கூட்டம் போடுகிற குடியிருப்போர் சங்கம் சேனலுக்கும் ஒரு தடவை கூட்டம் போடலாம் என்கிறேன். சொன்னால் சிரிக்கிறார்கள்.

போனில் தெரியும் கோடுகள், ரவுட்டர் அனுப்புவது எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதை மட்டுமே சொல்லும். உங்கள் முறை எப்போது வரும் என்பதை அவை சொல்லாது. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒவ்வொரு கருவியும் பேசத் தொடங்கும் முன் காற்றைக் கவனிக்கிறது. யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருந்து, அவர் முடித்தபின் ஒரு கணம் தாமதித்துத் தன் பங்கைப் பேசுகிறது. இந்த வரிசை உங்கள் வீட்டுச் சுவரோடு நிற்பதில்லை. அதே சேனலில் இருக்கும் பக்கத்து வீடு, மேல் வீடு, எதிர் பிளாக், கீழே இருக்கும் மருந்துக்கடை எல்லோருக்கும் சேர்த்து ஒரே வரிசைதான். 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டவரும் 50 எம்பிபிஎஸ் பிளான் போட்டவரும் காற்றில் ஒரே வாசலில் நிற்கிறார்கள்.

வாசல்களும் அதிகம் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று நாம் சொல்லும் அலைவரிசை 2400-லிருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரைதான். உரிமம் வாங்காமல் இதைப் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005 ஜனவரியில் விதி வெளியிட்டது. இதில் 13 சேனல்கள் இருப்பதாக ரவுட்டரின் பட்டியல் காட்டும். அந்தப் பட்டியலை நம்பி மோசம் போகிறவர்கள் நிறைய. ஒரு சேனலின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான். சிக்னல் பரவுவதோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு. ஆக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். மீதியெல்லாம் இரண்டு பேர் இடத்திலும் கால் வைத்துக்கொண்டு நிற்பவை.

கே.கே. நகரில் ஓய்வுபெற்ற இன்ஜினீயர் ஒருவர் போனில் ஒரு ஆப் வைத்திருந்தார். சுற்றியுள்ள வைஃபைகளை வண்ண வண்ண வளைவுகளாகக் காட்டும் ஆப். “பாரும்மா, ஒண்ணுலயும் ஆறுலயும் ஒரே கூட்டம். நாலுல ஒருத்தன் இல்ல. நான் நாலுக்குப் போயிட்டேன்” என்றார் பெருமையாக. அவருடைய நெட் முன்பைவிட மோசமாயிருந்தது. ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசுவதை மற்றவர் புரிந்துகொண்டு விலகி நிற்பார்கள். அனுப்பும் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ‘இவ்வளவு நேரம் பேசப் போகிறேன்’ என்ற தகவல் இருக்கும். நாலாம் சேனலில் நிற்பவர் சொல்வது ஒன்றில் இருப்பவருக்கும் ஆறில் இருப்பவருக்கும் வெறும் இரைச்சலாக விழுகிறது. இவருக்கும் அவர்கள் இரைச்சல். யாரும் யாருக்கும் வழிவிட முடியாமல் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஆறாம் சேனலில் பத்துப் பேரோடு நிற்பது நாலாம் சேனலில் தனியாக நிற்பதைவிட மேல். “எல்லாரும் போற எடத்துக்கே போகச் சொல்றியா?” என்றார். ஆமாம் சார், அதைத்தான் சொல்கிறேன்.

இதில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்று ஒரு வசதி வேறு. 2.4-இல் அதைத் திறந்துவிட்டால் மூன்று வாசலில் ஏறக்குறைய இரண்டை ஒரே வீடு அடைத்துக்கொள்ளும். வேகம் இரட்டிப்பாகும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது இதை வைத்துத்தான். தென்னந்தோப்புக்கு நடுவே ஒற்றை வீட்டில் அது உண்மை. நாற்பது வீடு இருக்கும் கட்டடத்தில் அது பொதுச் சொத்தை வளைத்துப் போடுவதற்குச் சமம்.

‘ஆட்டோ’ பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். வீட்டு ரவுட்டர்கள் பல, சுவிட்ச் போட்டதும் ஒருமுறை சுற்றிப் பார்த்து ஒரு சேனலைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். நம் ஊரில் கரண்ட் போய் வரும்போது தெருவிலுள்ள பெட்டிகள் எல்லாம் ஒரே நிமிடத்தில் எழுந்திருக்கின்றன. எல்லாம் அரைத்தூக்கத்தில் ஒன்றையொன்று பார்த்து இடம் பிடிக்கின்றன. பெரிய நிறுவனங்களில் ஒரு கன்ட்ரோலர், வைஃபை பரப்பும் பெட்டிகளான ஆக்சஸ் பாயின்ட்கள் எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும். அங்கே ஆட்டோ நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் எந்தக் கன்ட்ரோலரும் பக்கத்து வீட்டுக்காரரின் பெட்டிக்குக் கட்டளை போட முடியாது.

இப்போது 2.4-ஐ நிரப்பிக்கொண்டிருப்பது மனிதர்கள்கூட இல்லை, கேமராக்கள். வீட்டு வாசலுக்கு ஒன்று, கார் நிறுத்துமிடத்துக்கு ஒன்று, மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஹாலில் ஒன்று என்று வைஃபை கேமராக்களை மாட்டியிருக்கிறோம். விலை மலிந்த கேமராக்கள் பலவும் 2.4-இல் மட்டுமே வேலை செய்பவை. யாரும் பார்க்காத காட்சியை இரவு பகலாகக் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டே இருப்பவையும் உண்டு. போதாததற்கு ஒவ்வொரு பெட்டியும் தன் பெயரை நொடிக்குப் பத்துத் தடவை அறிவித்துக்கொண்டிருக்கும். கெஸ்ட் என்று இன்னொரு பெயர் வைத்தால் அதற்கும் பத்து. இந்த அறிவிப்புகள் மிக மெதுவான வேகத்தில் போகின்றன. 2.4-இல் அந்த வேகம் பெரும்பாலும் நொடிக்கு 1 மெகாபிட். 1997-இல் முதல் வைஃபை தரம் வந்தபோது இருந்த வேகம் அது. அன்றைய கருவிகள் குப்பைக்குப் போய் வெகுகாலம் ஆகியும், அவற்றுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக இன்றைய பெட்டி அவ்வளவு நிதானமாகப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் அந்தப் பழைய வேகங்களை நிறுத்திவைக்க இடம் இருந்தால் நான் முதலில் செய்வது அதைத்தான்.

பவர் விஷயத்துக்கு வருகிறேன். முளைப்பாரித் திருவிழாவில் தெருவின் இரு முனையிலுள்ள கோயில்களிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். அந்தக் கோயிலில் சத்தம் கூட்டினால் இந்தக் கோயிலிலும் கூட்டுவார்கள். கடைசியில் நடுவில் குடியிருப்பவனுக்கு இரண்டு பாட்டுமே புரியாது. அடுக்ககத்தில் நடப்பது அதேதான். ஒருவர் வலுவான பெட்டி வாங்கினதும் அது மூன்று மாடிக்கும் கேட்க ஆரம்பிக்கிறது. அத்தனை வீடுகளும் அவருக்காகக் காத்திருக்கின்றன. வேகம் குறைந்ததும் அவர்களும் வலுவான பெட்டி வாங்குகிறார்கள்.

கணக்கு எளிது. பவரை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். 20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட். மூன்று கூடினால் இரண்டு மடங்கு, பத்து கூடினால் பத்து மடங்கு. ஆனால் ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் உங்கள் போன் பதில் சொல்லும் சக்தி அதன் சின்ன பேட்டரிக்கும் கைக்குள் அடங்கும் ஆன்டெனாவுக்கும் உட்பட்டது. ரவுட்டர் சொல்வது போனுக்கு எட்டும், போன் சொல்வது ரவுட்டருக்கு எட்டாது. முழுக்கோடு காட்டியும் வாட்ஸ்அப் படம் போகாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மாணவர் விடுதி. வராந்தாவுக்கு இரண்டு என்று மூன்று மாடியிலும் ஆக்சஸ் பாயின்ட் மாட்டி, எல்லாவற்றையும் முழு பவரில், ஒரே சேனலில் விட்டுப் போயிருந்தார்கள். பையன் கீழே மெஸ்ஸில் இணைந்தால் இரண்டாம் மாடி அறைக்குப் போனபிறகும் போன் கீழே உள்ளதையே பிடித்துக்கொண்டிருக்கும். எந்த ஆக்சஸ் பாயின்டோடு இணைவது என்பதை முடிவு செய்வது போன்தான். பழையது காதில் விழுந்துகொண்டே இருந்தால் அது ஏன் மாறப்போகிறது? நாங்கள் 2.4-ஐ ஒன்றுவிட்டு ஒன்றில் அணைத்தோம். மீதியை 20 டிபிஎம்மிலிருந்து 11-க்குக் கொண்டுவந்தோம், அதாவது 100 மில்லிவாட்டைச் சுமார் 13 ஆக்கினோம். சேனல்களை மாடிக்கு மாடி மாற்றிப் போட்டோம். வார்டன் சார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “காசு குடுத்து வாங்குன பவர நீங்க பாட்டுக்குக் கொறைக்கிறீங்களே?” என்றார். என்னோடு வரும் உசிலம்பட்டித் தம்பி ஏணிமேலிருந்து, “அக்கா, சார் பில்லுல கொறைக்கச் சொல்லுவாரு” என்று முணுமுணுத்தான். சொல்லத்தான் செய்தார்.

ஆன்டெனாவுக்கு வருவோம். எங்கள் தாத்தா வீடு ராமநாதபுரத்தில். 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிக்க மொட்டைமாடியில் மீன்முள் ஆன்டெனா கட்டியிருந்தார்கள். மாமா மேலே ஏறிக் குழாயைத் திருப்புவார். “தெரியுதா?” “புள்ளி புள்ளியா இருக்கு மாமா, இன்னும் கொஞ்சம் தென்கிழக்க!” அந்தத் தலைமுறைக்கு ஆன்டெனா என்றாலே திசை என்று தெரியும். நமக்கு அது பெட்டியின்மேல் முளைத்த அலங்காரம்.

ரவுட்டரின் கொம்புக்கும் திசை உண்டு. நிமிர்த்தி வைத்த கொம்பு தன்னைச் சுற்றிப் பக்கவாட்டில்தான் அதிகம் பரப்பும். அதன் நுனி நோக்கும் திசையில் மிகக் குறைவு. நம்மவர்கள் பலர் கொம்பின் நுனியைப் படுக்கையறைப் பக்கம் நீட்டி வைத்துவிட்டு, படுக்கையறையில் எடுக்கவில்லை என்பார்கள். ஒரே தளத்தில் வீடு என்றால் எல்லாக் கொம்பையும் நிமிர்த்துங்கள். மாடியும் கீழுமாக வீடு என்றால் ஒன்றைப் படுக்கவையுங்கள். நீளமான, ‘அதிக கெயின்’ ஆன்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. மேலும் கீழும் போவதைப் பிடுங்கிப் பக்கவாட்டில் கொடுக்கிறது, அவ்வளவுதான். மாடி வீட்டில் அதை மாட்டினால் மேலே இன்னும் மோசமாகும். கூரையில் ஒட்ட வேண்டிய வட்டத் தட்டு ஆக்சஸ் பாயின்டைச் சுவரில் அறைந்திருக்கும் இடங்களைக் கணக்கு வைத்தால் எனக்கே கோபம் வருகிறது. அது கீழே கொட்ட வேண்டியதை எதிர்வீட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கும். இரும்பு பீரோவுக்குப் பின்னால், டிவிக்குப் பின்னால், பரணில் பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் ரவுட்டர் வைப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஆன்டெனாவையும் முறை வைத்துப் பேசுவதையும் ஒழுங்காகச் செய்தால் இதே வைஃபை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். தேனியில் நடந்தது. 2000-களின் நடுவில் அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, சுற்றுவட்டாரக் கண் மையங்களைத் தேனி மருத்துவமனையோடு வைஃபையால் இணைத்தார்கள். ஊரில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியிலிருக்கும் டாக்டர் திரையில் பார்த்துப் பேசுவார். ஆண்டிபட்டியில் எங்கள் சித்தி அப்படித்தான் கண் காட்டினார். டாக்டர் டிவிக்குள்ளிருந்து தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை இன்றைக்கும் சொல்வார்.

அந்த இணைப்புகளில் நீளமானது சுமார் 15 கிலோமீட்டர். ரேடியோவின் சக்தி அரை வாட்டுக்கும் கீழே. ஆன்டெனாக்கள் எல்லாப் பக்கமும் இறைப்பவை அல்ல, ஒரே திசையில் குவிப்பவை. அவற்றைக் கோபுரங்களில் கட்டினார்கள். அங்கே அவர்களை மறித்தது சக்திக் குறைவு அல்ல, முறைதான். வழக்கமான வைஃபை ஒவ்வொரு துண்டை அனுப்பியதும் ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்கும். வீட்டுக்குள் அந்தப் பதில் உடனே வந்துவிடும். 15 கிலோமீட்டருக்கு ஒளி போய்ச்சேரவே 50 மைக்ரோ விநாடி ஆகும், திரும்பி வர இன்னொரு 50. அதற்குள் அனுப்பியவன் பொறுமை இழந்து மறுபடியும் அனுப்பிவிடுவான். ஒரே கோபுரத்தில் இரண்டு ரேடியோ இருந்தால் ஒன்று கத்தும்போது மற்றொன்றுக்குக் காது அடைத்துவிடும். இதற்கு இந்தியாவில் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் ஏற்கெனவே ஒரு வழி காட்டியிருந்தார்கள். ஒரு கோபுரத்திலுள்ள ரேடியோக்கள் எல்லாம் சேர்ந்து அனுப்ப வேண்டும், சேர்ந்து கேட்க வேண்டும். பெர்க்லிக் குழு அதை வளர்த்து, நேரத்தைப் பங்குபோட்டு இரு முனையும் மாறி மாறிப் பேச வைத்தது. 2007, 2008 ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகளில் இதெல்லாம் இருக்கிறது. கருவிகளைச் சாகடித்ததில் பெரும்பங்கு நம் ஊர் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்துக்கு என்பதும் இருக்கிறது. தேனிக்காரர்களுக்கு அதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

அதே அலைவரிசைதான் நம் ஹாலில் இருந்து சமையலறைக்குப் போக மாட்டேன் என்கிறது.

5 கிகாஹெர்ட்ஸ் வந்துவிட்டதே என்பார்கள். நல்ல விஷயம்தான். 2018 அக்டோபரில் இங்கே 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு அதில் உரிமமில்லாமல் திறந்துவிட்டார்கள். சுவரைத் துளைப்பதில் அது பலவீனம். நெருக்கமான கட்டடத்தில் அந்தப் பலவீனம் ஒரு வரம், பக்கத்து வீட்டுக்காரரின் சிக்னல் அவர் வீட்டோடு தங்கிவிடும். ஆனால் இங்கேயும் பழைய புத்தி போகவில்லை. பெட்டிகள் 80 அகலத்தில் வருகின்றன, 160 என்றும் பெருமை பேசுகின்றன. அகலம் இரட்டிப்பானால் வாங்கும் இரைச்சலும் இரட்டிப்பு. நடுவிலுள்ள சேனல்களை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால், அங்கே போகும் பெட்டி குறைந்தது ஒரு நிமிடம் கவனித்துவிட்டுத்தான் பேசலாம் என்பது பல நாடுகளின் விதி. மலிவான பெட்டிகள் பல இந்த வம்பே வேண்டாமென்று அந்தச் சேனல்களை விட்டுவிட்டு 36-இலிருந்து 48 வரையிலும் 149-க்கு மேலேயும் குவிகின்றன. 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப் பாதிக்கு 2025 மே மாதம் மத்திய அரசு வரைவு விதிகளை வெளியிட்டது. புது நிலம் கிடைப்பது சந்தோஷம்தான். அதில் வேலை செய்ய புதுப் பெட்டியும் புதுப் போனும் வேண்டும், கேமராவும் பழைய டிவியும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நெட் கம்பெனிகள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இணைப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பையன் ஒரு வீட்டில் அரைமணி நேரத்துக்குமேல் நிற்க முடியாது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சில கம்பெனிகள் தரும் பெட்டியில் சேனலையும் பவரையும் வாடிக்கையாளர் தொட முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். பூட்டினால் நீங்கள் பாருங்கள், பார்க்க முடியாவிட்டால் பூட்டைத் திறங்கள். பள்ளி, கல்லூரி, அலுவலகங்களுக்கு வைஃபை டெண்டர் விடுகிறவர்களும் எத்தனை ஆக்சஸ் பாயின்ட் என்று மட்டும் எழுதாமல், எந்தச் சேனலில் எவ்வளவு பவரில் ஓடுகிறது என்ற வரைபடத்தையும், ஆட்கள் நிறைந்திருக்கும் நேரத்தில் அளந்த அளவையும் கேட்டு வாங்கிய பிறகே பில் பாஸ் பண்ண வேண்டும். காலி வகுப்பில் எந்த வைஃபையும் பறக்கும்.

அண்ணா நகர்ப் பக்கம் ஒரு கட்டடத்தில் செயலாளராக இருப்பவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். அவர் ஒருவர்தான் நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்காமல் நோட்டை எடுத்தார். தரைத்தளத்துக்கு 1, முதல் மாடிக்கு 6, இரண்டாம் மாடிக்கு 11, மூன்றாவதற்கு மறுபடி 1 என்று எழுதிக்கொண்டார். 2.4-இல் எல்லோருக்கும் 20 அகலம், 5-இல் 40-ஐத் தாண்டக்கூடாது, பவர் நடுத்தரம், டிவிக்கு ஒயர் இழுத்துக்கொள்ள வேண்டும், உபயோகிக்காத கெஸ்ட் பெயரை எடுத்துவிட வேண்டும். மாதாந்திரக் கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்புக்கும் நாய் வளர்ப்புக்கும் நடுவே இதைப் படித்தார். “என் வீட்டு பாஸ்வேர்ட கேக்குறாங்களா?” என்று ஒரு அம்மா எழுந்து நின்றார். பாஸ்வேர்டு யாருக்கும் வேண்டாம் என்று புரியவைப்பதில் பாதி நேரம் போனது. பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள்.

ஒத்துக்கொள்ளாதது தரைத்தளத்து டியூஷன் சென்டர். அவர்கள் போன மாதம்தான் எட்டுக் கொம்பு வாங்கியிருக்கிறார்கள். செயலாளர் என்னையும் கூட வந்து பேசச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்குமேல், அறுபது பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது போனால், போனில் நானே அளந்து காட்ட முடியும். அந்த நேரம்தான் கேட்டிருக்கிறேன்.